விளம்பி வருஷத்துக்குப் போட்ட இன்ட்டு

ஆபத்சகாயம் வாசகசாலைக்கு வயது அறுபத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் வசந்தி. யாரும் அவளை மிரட்டவில்லை. யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வாசகசாலையை நடத்தும் சங்கத்தின் செயலாளர் திருநாவுக்கரசு கேட்டார், அவள் எழுதினாள். அதுதான் பிறகு அவளுக்கு ஆறவே இல்லை.

வாசகசாலை செகந்திராபாத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், செல்போன் உறை விற்கும் கடைகளுக்கும் ஒரு பிரியாணி ஓட்டலுக்கும் நடுவில் இருக்கிறது. பட்டாளத்தோடு மதராஸ் பக்கமிருந்து வந்த தமிழர்கள் கட்டியது. முழங்கை நீளத்துக்குத் தடிமனான சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மே மாதத்திலும் குளிர்ந்திருக்கும் ஒரே ஒரு பெரிய கூடம். ஆட்டோக்காரர்களிடம் 'ஆபத் ஹால்' என்றால் போதும், கொண்டு வந்து விடுவார்கள்.

அந்தக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வசந்தி தமிழ் வகுப்பு எடுத்தாள். பதினொரு பிள்ளைகள். பேகம்பேட்டில் ஆபீஸ் போகிறவர்களின் பிள்ளைகள், ஹப்சிகுடா அடுக்குமாடிகளில் இருக்கிறவர்களின் பிள்ளைகள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள், தெலுங்கில் கேட்டால் இங்கிலீஷில். வசந்தி ஒரு சட்டம் வைத்திருந்தாள். நோட்டில் தமிழ்தான் இருக்க வேண்டும். வேறு எழுத்து ஒன்று இருந்தாலும் சிவப்பில் ஒரு இன்ட்டு. அந்தச் சட்டத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன அக்டோபரில் நகர அலுவலகத்திலிருந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்கிறார்களாம். எந்த வருஷம் கட்டியது என்று ஆதாரத்தோடு தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டியிருந்தால் அவர்கள் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் திருநாவுக்கரசு வந்தார். ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததே செகந்திராபாத். பின்னால் காவலாளி முகமது யூசுப் ஏணியோடு வந்தார். வாசலுக்கு மேலே பதித்திருந்த கல்லில் வருஷக்கணக்காக அடித்த வெள்ளையை யூசுப் சுரண்ட, உள்ளே எழுத்து தெரிந்தது.

"டீச்சரம்மா, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. என் கண்ணுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

வசந்தி நாலு படி ஏறினாள். புள்ளியே வைக்காத எழுத்து. விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

விளம்பி வருஷம் தைப்பூசம் குருவாரம் ஆபத்சகாயம் பிள்ளை தர்மம்.

"விளம்பின்னா இங்கிலீஷ்ல என்ன வருஷம்?"

அவள் கணவர் கிருஷ்ணகுமாருக்கு மாற்றலாகி அவர்கள் ஹைதராபாத் வந்தது 2018. அந்த வருஷத்துக் காலண்டரில் விளம்பி என்று போட்டிருந்தது நினைவிருந்தது. தமிழ் வருஷங்களுக்கு அறுபது பெயர். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அறுபதைக் கழித்தாள். இன்னொரு அறுபதையும் கழித்துப் பார்த்திருக்கலாம். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது டீச்சர்களுக்குள்ள வியாதி.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு சார்."

அவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "பக்காவா?"

"பக்கா சார்."

"சபாஷ். இதுக்குத்தான் ஒரு தமிழ் டீச்சர் வேணுங்கறது. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. கையெழுத்துக்குக் கீழே தமிழாசிரியைன்னு போட்டுக்குங்க."

போட்டாள். அழகான கையெழுத்து அவளுக்கு.

அடுத்த ஞாயிறு அதையே பாடமாக்கினாள். போனில் எடுத்தால் சுண்ணாம்பு அடைத்த எழுத்து வெள்ளையில் வெள்ளையாகப் போனது. அதனால் யூசுப் ஏணியைப் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறிக் கல்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார்கள். கறுப்புக்கு நடுவில் எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தபோது கத்தினார்கள். காகிதத்தை நோட்டில் ஒட்டி, கீழே எந்த வருஷம் என்று எழுதிவரச் சொன்னாள்.

"மிஸ், இந்தக் கல்லு எழுதினவருக்கு ஒரு புள்ளிகூட வைக்கத் தெரியல. அவருக்கு இன்ட்டு போடுங்க மிஸ்."

"அவர் உன்னை மாதிரி இங்கிலீஷ் கலக்கலைடா. அதனால மன்னிச்சுட்டேன்."

பத்துப் பேர் 1958 என்று எழுதி வந்தார்கள். வகுப்பில் அவள் வாயிலிருந்து நழுவியதைக் கேட்டு எழுதியதுதான். ஸ்ரேயா என்ற பதினொரு வயதுப் பெண் மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். முழுக்க இங்கிலீஷில். வசந்தி படிக்கவில்லை. மூலைக்கு மூலை ஒரு இன்ட்டு போட்டாள். 'தமிழில் எழுது. 1958 - ஐந்து முறை' என்று பக்கத்தில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். ஸ்ரேயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "முதல்ல தமிழ்ல எழுதிட்டு வா, அப்புறம் பேசு" என்றாள் வசந்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஸ்ரேயா அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. மற்றப் பத்துக் காகிதங்களையும் ஆண்டு விழாக் கண்காட்சிக்கு என்று திருநாவுக்கரசு வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில் வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'ஆபத்சகாயம் டவர்ஸ்.' கண்ணாடி போட்ட ஆறு மாடி. இரண்டு மாடி சங்கத்துக்கு, மினி ஏ.சி. ஹால், லிஃப்ட். பக்கத்திலேயே ஒரு நோட்டீஸ்: இது அபாயகரமான கட்டடம், உள்ளே வருகிறவர்கள் தங்கள் பொறுப்பில் வர வேண்டும்.

"பேர்லயே ஆபத் இருக்குது. நோட்டீஸ் கைக்கு, எதுக்கு டீச்சரம்மா?" என்றார் யூசுப்.

வசந்தி அப்போது வருத்தப்பட்டாள், அவ்வளவுதான். கோபம் ஜனவரி பதினெட்டாம் தேதி வந்தது.

அன்று வகுப்பில் தன்யா எழுந்து நின்றாள். "மிஸ், ஃபெப் ஃபர்ஸ்ட் க்ளாஸ் நக்கோ மிஸ், வேண்டாம். அன்னிக்கு தைப்பூசம், மம்மி டெம்பிள் கூட்டிட்டுப் போறா."

பக்கத்திலிருந்தவன் விடவில்லை. "பொய் மிஸ். ஃபெப் ஃபர்ஸ்ட் சண்டே. தைப்பூசம் தர்ஸ்டேலதான் வரும். கல்லுல குருவாரம்னு இருந்துச்சே."

"கிழமை வருஷா வருஷம் மாறும்டா..." என்று சொல்லிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜையடியில் வைத்துப் போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தாள். 1959 ஜனவரி: தைப்பூசம் சனிக்கிழமை. விளம்பியின் தை மாதம் 1959-இல் வரும் என்பதுகூட அப்போதுதான் உறைத்தது. அவள் எழுதிக் கொடுத்த 1958 அவள் கணக்குக்கே தப்பு. இன்னும் அறுபது பின்னால் போனாள். 1899 ஜனவரி 26. தைப்பூசம். வியாழக்கிழமை.

ஸ்ரேயாவின் அரைப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் அவள் கண்ணில் பட்டிருந்தது. இன்ட்டு போடும்போது பட்டது. தர்ஸ்டே.

மறுநாள் காலை திருநாவுக்கரசின் அறைக்குப் போனாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். கட்டடம் 1899. நூத்தி இருபத்தேழு வருஷம் ஆச்சு."

"ஹவ், ஆமா," என்றார். "தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை.

"எங்கப்பா கல்யாணமே இந்தக் கூடத்துலதான் நடந்தது. ஐம்பத்திரெண்டுல. கட்டாத கட்டடத்துல எப்படிம்மா கல்யாணம் பண்ணியிருப்பாங்க?"

"அப்புறம் ஏன் சார் அதைக் குடுத்தீங்க?"

"நான் என்ன குடுத்தேன்? தமிழாசிரியை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளதுன்னு ஒரு வரி போட்டேன். என் வாயால, என் கையால ஒரு பொய் வந்திருந்தா காட்டுங்க." டம்ளரை வைத்தார். "நீங்க ஐம்பத்தெட்டுன்னு சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சாமியே எடுத்துக் குடுத்தாப்பல."

"நான் மாத்தி எழுதிக் குடுத்துடறேன்."

"பேஷா குடுங்க. தமிழ் டீச்சருக்குத் தமிழ் வருஷம் தெரியாதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பேரண்ட்ஸ் குரூப்ல நானே போட்டுவிடறேன். அதுக்கப்புறம் எத்தனை பிள்ளைங்க வரும்னு பார்ப்போம்." குரலைத் தாழ்த்தினார். "புது பில்டிங்ல உங்களுக்குன்னு ஒரு ரூம். ஸ்மார்ட் போர்டு. நம்ம ஜனங்களுக்கு ஒரு நல்ல ஹால் வேண்டாமா? மழை வந்தா ஒழுகுற இந்தக் குடோனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இடிக்கிற பர்மிஷனுக்கு வெள்ளிக்கிழமை முப்பதாம் தேதி விசாரணை. வந்து பின்னால உக்காந்துட்டுப் போங்க. பேச வேண்டாம்."

அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் வெளியே வந்து நேரே கல்லைப் பார்த்தாள். இந்தத் தடவை சுண்ணாம்பை ஊசியால் எடுத்துவிட்டு நன்றாகப் படம் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். புதன்கிழமை ஊசியும் பிரஷ்ஷுமாக வந்தபோது கல் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. உள்ளே செங்கல் பல்லைக் காட்டியது.

யூசுப் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து நம்மளுக்கு லீவு குடுத்துட்டாங்க. கல்லு எங்கேன்னு கேட்டா, பாலிஷுக்குப் போச்சுன்னு செக்ரட்டரி சாப் சொல்றாரு."

"கல்வெட்டுக்குப் பாலிஷா?"

"அதான் நம்மளும் கேட்டோம். உனக்கு எதுக்குன்னாரு."

வீட்டில் சொன்னாள். கிருஷ்ணகுமார் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். சட்டையை மாட்டிக்கொண்டே, "சங்கத்துல பாதிப்பேர் எங்க ஆபீஸ். எதுக்கு வசந்தி விரோதம்? விட்டுடு" என்றார்.

விட்டுவிடலாம்தான். ஆனால் யாரையெல்லாம் திட்டலாம் என்று மனதுக்குள் பட்டியல் போட்டால், திருநாவுக்கரசுக்கு முன்னால் அவள் பெயர் வந்து நின்றது. அந்தக் கூடத்தில் இருந்த ஒரே ஒரு ஆள் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அவளைப் பேச விடாமல், மற்றவர்களைச் சிரிக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பியது யார்?

சனிக்கிழமை ஹப்சிகுடா போனாள். ஸ்ரேயாவின் அம்மா ப்ரியா காதில் ஹெட்செட்டோடு கதவைத் திறந்து, உட்காருங்க என்று சைகை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்ரேயா சோபாவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்ரேயா, உன் தமிழ் நோட்டு வேணும்."

"நோ நோட்டு. தூக்கிப் போட்டுட்டேன்."

"நிஜமாவா?"

ஸ்ரேயா சோபா ஓரத்து நூலைப் பிய்த்தாள்.

"நீ 1899னு எழுதியிருந்தே. சரிதானே?"

"நீங்க படிக்கவே இல்லதானே, கதா. அப்புறம் எப்படித் தெரியும்?"

"இப்பதான் நானே கண்டுபிடிச்சேன். நீ மூணு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கே."

"மூணு மாசம் இல்ல. டென் மினிட்ஸ்." ஸ்ரேயா விரல்விட்டு எண்ணினாள். "ஃபிஃப்டி நைன் சாட்டர்டே. எய்ட்டீன் நைன்ட்டி நைன் தர்ஸ்டே. ஈஸி. நான் தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதினேன். நீங்க இவ்ளோ பெரிய இன்ட்டு போட்டீங்க. தன்யா எல்லாம் சிரிச்சா. நான் ஃபைவ் டைம்ஸ் எழுத மாட்டேன். ராங் ஆன்சரை எதுக்கு எழுதணும்?"

"எழுத வேண்டாம். நான் செஞ்சது தப்பு."

"சும்மா சொல்றீங்க. நோட்டு வேணும்னு சொல்றீங்க."

பாதி உண்மைதான் அது.

ஸ்ரேயா உள்ளே போய் நோட்டையும் ஒரு பேனாவையும் கொண்டு வந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். பென்சில் தேய்ப்பு ஒரு எழுத்துகூடக் கலையாமல் இருந்தது. கீழே இங்கிலீஷ். அதன்மேல் மூலைக்கு மூலை சிவப்பு.

"இதுல எழுதுங்க மிஸ். சேம் ரெட்."

வசந்தி எழுதினாள்: ஸ்ரேயா எழுதியது சரி. படிக்காமல் இன்ட்டு போட்டது என் தப்பு. - வசந்தி, தமிழாசிரியை. 24.1.2026.

ஸ்ரேயா அதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தாள். பிறகுதான் நோட்டைக் கொடுத்தாள்.

விசாரணை வாசகசாலைக் கூடத்திலேயே நடந்தது. நகர அலுவலகத்திலிருந்து ஹர்ஷிதா என்ற இளம் அதிகாரி வந்திருந்தாள். தெலுங்குக்காரி. சங்கத்துக்காரர்கள் நாற்பது பேர் இருக்கும். திருநாவுக்கரசு அருமையாகப் பேசினார். கட்டடத்தின் வயது அறுபத்தேழு, தமிழாசிரியையின் அறிக்கை ஐயாவிடம், மன்னிக்கவும், அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றார். பாதிப்பேர் சிரித்தார்கள்.

வசந்தி எழுந்தாள். "அந்த அறிக்கை தப்பு. எழுதினது நான்தான்."

கிருஷ்ணகுமாரின் ஆபீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தெலுங்கில் சொன்னாள். அறுபது வருஷச் சுற்று, தைப்பூசம், வியாழக்கிழமை.

"கல் எங்கே?" என்றாள் ஹர்ஷிதா.

"பாலிஷுக்கு அனுப்பியிருக்கு மேடம்," என்றார் திருநாவுக்கரசு.

"விசாரணைக்கு ஒரு வாரம் முன்னாலா?"

"அழுக்கா இருந்துச்சு மேடம். நீங்க வர்றீங்கன்னு..."

வசந்தி நோட்டை மேஜைமேல் வைத்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு சின்னப் பொண்ணு ஹோம்வொர்க்கை வெச்சு ஆறு மாடியை நிறுத்துறதா? அதுலயும் டீச்சரே இன்ட்டு போட்டிருக்காங்க. பாருங்க, எவ்வளவு பெருசா!"

"ஆமா, போட்டேன்," என்றாள் வசந்தி. "நவம்பர் ரெண்டாம் தேதி, என் கையெழுத்தோட. சரியான பதிலுக்கு. எல்லாருக்கும் காட்டுங்க."

ஹர்ஷிதா நோட்டைப் புரட்டினாள். முன் பக்கம், பின் பக்கம், தேதிகள். தன் போனில் எதையோ தட்டினாள். ஒருமுறை 1959, ஒருமுறை 1899. பிறகு அந்தச் சிவப்புக் குறுக்குக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதை நேற்று உட்கார்ந்து தயாரித்திருந்தால், இந்த இன்ட்டு இதில் இருக்காது."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நோட்டை எட்டிப் பார்த்தார்கள்.

"சார்," என்றாள் வசந்தி, தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி. "உங்க அப்பா கல்யாணம் எந்த வருஷம், எங்க நடந்தது?"

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் பொறக்கவே இல்லையேம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

தன் தகப்பன் கல்யாணத்தையே ஆறு மாடிக்காக மறந்துவிட்ட மனிதரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? அவள் உட்கார்ந்துவிட்டாள்.

இடிக்கும் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. பதினைந்து நாளில் கல்லை ஒப்படைக்க வேண்டும். அதுவரை யாரும் எதையும் தொடக் கூடாது. நோட்டை ஆதாரமாக எடுத்துக்கொண்டு ஹர்ஷிதா ரசீது கொடுத்தாள். அதில் 'ஹோம்வொர்க் நோட்டு - ஒன்று' என்றிருந்தது.

போகும்போது திருநாவுக்கரசு வசந்தியின் பக்கத்தில் நின்றார். "அபாயகரமான கட்டடம் டீச்சரம்மா. பிள்ளைங்களை உள்ள விட எனக்குப் பயமா இருக்கு. உங்க சண்டே க்ளாஸ் இனிமே இங்க கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் பெரிய பூட்டு தொங்கியது. பேரண்ட்ஸ் குரூப்பில் அவர் சொன்னதைச் செய்திருந்தார். ஆறு பிள்ளைகள் வரவில்லை. கோயிலுக்குப் போனார்களா, வேண்டாம் என்று நிறுத்தினார்களா தெரியாது. யூசுப் ஓட்டலிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். "பூட்டு உள்ளுக்குத்தான். வெளியில யாரும் பூட்டல," என்றார்.

நாலு பேரை வைத்துக்கொண்டு கல் போன ஓட்டைக்குக் கீழே நின்று வசந்தி பாடத்தை ஆரம்பித்தபோது, ஆட்டோவிலிருந்து ஸ்ரேயா இறங்கினாள். கையில் புது நோட்டு.

"மிஸ், என் பழைய நோட்டு?"

"கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்கு. திருப்பிக் குடுப்பாங்க."

"அந்த அங்கிள் கல்லைக் குடுப்பாரா?"

"குடுக்க வைக்கணும்."

ஸ்ரேயா பெஞ்சில் இடம் பிடித்து முதல் பக்கத்தைத் திறந்தாள். "இன்னிக்குத் தேதி தமிழ்ல என்ன மிஸ்?"

"விசுவாவசு வருஷம், தைப்பூசம், ஞாயிறு."

எழுதிவிட்டு மூடப் போனாள்.

"மூடாதே," என்றாள் வசந்தி. "பக்கத்துல 2026னு போடு. பெருசாப் போடு."

"நம்பர் போட்டா இன்ட்டு போட மாட்டீங்களே?"

"போடு."

ஸ்ரேயா பேனாவை அழுத்திப் போட்டாள். அடுத்த மூன்று தாள்களிலும் அந்த எண்ணின் தடம் விழுந்தது.